எடை மேடைக்கு இரண்டு கதவு

"ஒரு கம்ப்யூட்டரை ரெண்டா வெட்டணும். ஆனா மெஷின் ஒண்ணாவே இருக்கணும். போய்ட்டு வாம்மா" என்று எங்கள் கம்ப்யூட்டர் கம்பெனி முதலாளி சொன்னபோது, வழக்கம்போல பாதி விஷயத்தை மட்டும் சொல்லி அனுப்புகிறார் என்று நினைத்தேன். மீதிப் பாதியை அவிநாசி பஸ்ஸில் உட்கார்ந்து ஊகித்துக்கொண்டு போனேன். இரண்டு கம்பெனிக் கணக்காக இருக்கலாம், வரிக்காகப் பிரிப்பதாக இருக்கலாம், டிஸ்க் நிறைந்துபோனதாகவும் இருக்கலாம். அந்த ஒருமுறை அவர் முழு விஷயத்தையும் சொல்லியிருந்தார் என்பது போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. பருத்தியையும் கொட்டையையும் பிரிக்கும் ஜின்னிங் பேக்டரி. அப்பா தொடங்கியதை அண்ணன், தம்பி இருவரும் சேர்ந்து நடத்தி, அந்த வருடம் பாகம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சண்டை எதுவும் நடக்கவில்லை. நடந்திருந்தால் என் வேலை சுலபமாக இருந்திருக்கும். அதற்குப் பதில் அங்கே மரியாதை நடந்துகொண்டிருந்தது.

சொந்தக்காரர்கள் உட்கார்ந்து பேசி எல்லாவற்றையும் பிரித்துவிட்டார்கள். மெஷின்கள், குடோன்கள், நாற்காலிகள், இரண்டு பிரிண்டர்கள், ஆபீஸில் ஆளுக்குப் பாதி ஹால். பிரிக்க முடியாமல் போனவை இரண்டு: முற்றத்தில் லாரி ஏறி நிற்கும் எடை மேடை ஒன்று, ஹாலின் நடுவே கண்ணாடி அறைக்குள் குளிர்பதனத்தில் உட்கார்ந்திருந்த யூனிக்ஸ் கம்ப்யூட்டர் மற்றொன்று. எடை மேடையிலிருந்து ஒரு ஒயர் வந்து கம்ப்யூட்டரில் ஏறும். லாரி நின்றதும் விசையை அழுத்தினால் எடை திரையில் வரும். கிழக்குப் பக்க மேஜையில் அண்ணனுக்குத் திரையும் விசைப்பலகையுமாக ஒரு டெர்மினல், மேற்கே தம்பிக்கு ஒன்று. நடுவில் நான்.

"வாங்க அம்மணி, சாப்பிட்டீங்களா?" என்றார் அண்ணன்.

"வாங்க மேடம், சாப்பிட்டீங்களா?" என்றார் தம்பி, மேற்கிலிருந்து.

சாப்பிட்டுவிட்டேன் என்று இரண்டு திசையிலும் சொன்னேன். பிறகு நோட்டை எடுத்துவைத்து, என்னென்ன வேண்டும் என்று கேட்டேன்.

அண்ணன் சொன்னார். "எங்கணக்கு தம்பிக்குத் தெரியக்கூடாதுங்க. தம்பி கணக்கு எனக்குத் தெரியவே வேண்டாமுங்க. எங்கிட்ட யாரு பருத்தி போடறாங்க, எத்தன மூட்டை, அதெல்லாம் அக்கட்டால போகக்கூடாது. பொதுன்னு ஒண்ணும் வேண்டாமுங்க. பொதுன்னு ஒண்ணு இருந்தா நாளைக்கு மனஸ்தாபம் வரும்."

மேற்கே போய்க் கேட்டேன். தம்பி, அண்ணன் சொன்னதையே அண்ணன், தம்பி இடம் மாற்றிச் சொன்னார். என் நோட்டில் இரண்டு பத்திகளும் ஒன்றுபோல இருந்ததால் இரண்டாவதை அடித்துவிட்டேன். அதைப் பார்த்துவிட்ட தம்பி, "ஏனுங்க மேடம், என்னுது வேண்டாமுங்களா?" என்று கவலையோடு கேட்டார். திரும்ப எழுதினேன்.

மத்தியானம் கண்ணாடி அறைக்குள் நான் மட்டும் இருக்கும் நேரம் பார்த்து அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"அம்மணி, இது நடக்குமுங்களா?"

"பார்க்கலாமுங்க."

"நடக்காட்டி தம்பி ஈரோட்டுக்குப் போயிருவானுங்க. மாமனார் ஊர்ப்பக்கம் எடம் பாத்து வெச்சிருக்கான். தனி ஜின்னிங், தனி எடை மேடை, தனி கம்ப்யூட்டர்." கொஞ்சம் நிறுத்தி, "போகட்டும், நல்லாருக்கட்டும்" என்றார். போகட்டும் என்று நினைப்பவர் சொல்லும் குரல் அல்ல அது.

அரை மணி நேரம் கழித்துத் தம்பி வந்தார். அவரும் செருப்பைக் கழற்றினார். "மேடம், இது நடக்காதுன்னா இப்பவே சொல்லிப்போடுங்க. ஈரோட்டு எடத்துக்காரருக்குப் பதில் சொல்லணும். எனக்கென்னமோ அந்த ஊர்த் தண்ணியே ஒத்துக்காதுங்க."

ஆக, என் வேலை கம்ப்யூட்டரை வெட்டுவது என்று பெயர்தான். வெட்டாமல் வைத்திருப்பதுதான் இருவருக்கும் வேண்டியிருந்தது. ஆனால் அதை ஒருவரிடம் ஒருவர் சொல்ல வழியில்லை. இரண்டு பேரும் என்னிடம் சொன்னார்கள்.

யூனிக்ஸில் ஒரு வசதி உண்டு. ஒரு நிரலை ஒரு அடைவுக்குள், அதாவது டைரக்டரிக்குள், போட்டு, "இதுதான் உனக்கு உலகம்" என்று சொல்லிப் பூட்டிவிடலாம். அதற்கு வெளியே எதுவும் இருப்பதாக அந்த நிரலுக்குத் தெரியாது. நான் அப்படி இரண்டு அறைகள் கட்டினேன். அண்ணன் கணக்கு ஒன்றில், தம்பி கணக்கு இன்னொன்றில்.

இப்படிப் பூட்டிய அறையில் ஒரு சங்கடம், உள்ளே எதுவுமே இருக்காது. பிரிண்டர் இல்லை, டெர்மினல் இல்லை, எடை மேடை இல்லை. யூனிக்ஸில் ஒவ்வொரு சாதனத்துக்கும் டிவைஸ் ஃபைல் என்று ஒன்று இருக்கும். அது சாதனமல்ல, சாதனத்துக்குப் போகும் கதவு. எந்த அறைக்கு எது வேண்டுமோ அந்தக் கதவை மட்டும் அந்த அறைக்குள் வைத்துவிட வேண்டும். கதவுக்கு இரண்டு எண்கள், மேஜர் நம்பர், மைனர் நம்பர்.

"மைனர்னு என்னையுங்களா சொல்றீங்க?" என்றார் தம்பி.

கிழக்கே அண்ணன் இருமினார். அது இருமல் அல்ல என்று நினைக்கிறேன்.

அண்ணன் அறைக்கு அண்ணன் பிரிண்டரின் கதவு, தம்பி அறைக்குத் தம்பி பிரிண்டரின் கதவு. வைத்து முடித்ததும் அண்ணன் சோதித்துப் பார்க்க வந்தார்.

"என்ற ரூமுக்குள்ள நின்னு பாத்தா தம்பி பிரிண்டரு தெரியுதுங்களா?"

"தெரியாதுங்க. உங்க அறையைப் பொறுத்தவரைக்கும் அப்படி ஒண்ணு இல்லவே இல்லைங்க."

அவர் முகம் வாடிவிட்டது. "இல்லாம போக வேண்டாமுங்க அம்மணி. தெரியாம இருந்தாப் போதும்."

இரண்டும் ஒன்றுதான் என்று விளக்கிச் சொல்ல வாயெடுத்தேன். பிறகு அடுத்த கதவின் எண்களைப் பார்க்கத் திரும்பினேன்.

எடை மேடைதான் பெரிய வேலை. ஒயர் ஒன்று, அறைகள் இரண்டு. ஒரே ஒயருக்கு இரண்டு கதவு வைப்பது ஒரு நிமிடக் காரியம். ஆனால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் கதவைத் திறந்தால் குழப்பம். அதற்கு நிரல்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. ஒயரை எடுக்கிறவர் "நான் உபயோகிக்கிறேன்" என்று ஒரு பொது இடத்தில் சீட்டு மாட்டிவிட்டு எடுப்பார். அடுத்தவர் சீட்டைப் பார்த்துவிட்டுக் காத்திருப்பார்.

"பொது எடமுங்களா?" என்றார் அண்ணன்.

"பொது எடமுங்களா?" என்றார் தம்பி.

"சீட்டு மாட்ட மட்டுமுங்க."

வேண்டாம் என்றார்கள். சீட்டு மாட்டும் இடமும் ஆளுக்கொன்று தனியாக இருக்க வேண்டும். அண்ணன் மாட்டின சீட்டைத் தம்பியும் தம்பி மாட்டின சீட்டை அண்ணனும் பார்க்க முடியாதே என்று சொன்னேன். ஒருவர் எடை போடும் நேரத்தில் இன்னொருவர் போடமாட்டார், அதெல்லாம் எங்களுக்குள் மரியாதை உண்டு என்று இரண்டு திசையிலிருந்தும் உறுதி வந்தது. இது சரிவராது என்று இருவரிடமும் தனித்தனியாகச் சொல்லிவிட்டு, கேட்டபடி செய்துகொடுத்தேன்.

முதல் நாள் காலை கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம் வைத்துச் சூடம் காட்டினார்கள். சூடத்தட்டு டிஸ்க் டிரைவின் அருகே போகாமல் பார்த்துக்கொண்டது மட்டும் என் பங்கு. அண்ணனின் லாரி மேடையில் ஏறியது. அண்ணன் விசையை அழுத்தினார். தம்பி அன்று எடை போடவில்லைதான். ஆனால் தன் லாரி வரும்போது தயாராக இருக்கட்டும் என்று எடைத் திரையைத் திறந்து வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திறந்து வைத்தாலே அந்த நிரல் ஒயரைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும்.

மேடையின் சிவப்பு எழுத்துக்கள் 12450 என்று காட்டின. அந்த ஐந்து எண்களும் ஒன்றன்பின் ஒன்றாக ஒயரில் வந்தன. இரண்டு அறைகளும் கதவருகே நின்று, வந்ததை வந்தவாறு ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டன. அண்ணன் திரையில் 140. தம்பி திரையில் 25.

லாரி டிரைவர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, "நூத்தி நாப்பது கிலோவுங்களா? அப்ப நாம் பாட்டுக்குத் தலையில வெச்சுக் கொண்டாந்திருப்பனே சாமி" என்றார்.

"அம்மணி, கம்ப்யூட்டரு சரி பாதியாத்தான் பிரிச்சிருக்குதுங்க" என்றார் அண்ணன்.

"எங்கீங்க பாதி?" என்றார் தம்பி என்னிடம். "எனக்கு ரெண்டு நம்பர்தானுங்க வந்துச்சு. அண்ணனுக்கு மூணு. அவுங்க மூத்தவுங்க, பரவாயில்லீங்க. சும்மா சொன்னேன்."

அன்று சாயங்காலம் இருவருமே ஒரு யோசனை சொன்னார்கள். தோட்டத்துக் கிணறு பாகம் பிரித்த பிறகும் இருவருக்கும்தான். அதற்கு முறை வைத்திருக்கிறார்கள். ஒரு நாள் அண்ணன் மோட்டார் போடுவார், மறுநாள் தம்பி. எடை மேடைக்கும் அப்படியே செய்துவிட்டால் என்ன?

"அது பொது இல்லீங்களா?" என்று கேட்டேன்.

"முறை வேற, பொது வேற அம்மணி."

இதுவும் சுலபம்தான். தினமும் காலை ஆறு மணிக்குத் தானாக ஓடும் ஒரு கட்டளை எழுதினேன். ஒரு நாள் அண்ணன் அறையின் கதவுக்கு அனுமதி, மறுநாள் தம்பி அறையின் கதவுக்கு. நான் நிம்மதியாகக் கோயமுத்தூர் திரும்பினேன்.

தண்ணீர் கிணற்றில் காத்திருக்கும். லாரி காத்திருக்காது என்பதை அந்த வீட்டில் யாரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. அண்ணன் முறையன்று தம்பியின் லாரிகள் வரிசையாக வந்தன. தம்பி முறையன்று எதுவுமே வரவில்லை. டிரைவர்கள் கேட்டுக்கு வெளியே வேப்பமர நிழலில் அடுப்பு மூட்டிச் சமைக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

போன் வந்தது. அண்ணன்தான். "அம்மணி, தம்பி லாரி வெயில்ல நிக்குதுங்க. எம்முறையிலயே போட்டுக்கட்டும்னு சொல்லிப்போட்டேன். கதவத் தொறந்து விடுங்க."

மேற்கேயிருந்து தம்பியின் குரல் அதே போனில் கேட்டது. "வேண்டாமுங்க மேடம்! அண்ணன் முறைய நான் எடுத்தா நல்லாருக்காதுங்க!"

"குடுத்தா வாங்கிக்கச் சொல்லுங்க அம்மணி."

"நான் கேக்கவே இல்லைன்னு சொல்லுங்க மேடம்."

இருபது அடி தூரத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு பேருக்கு நடுவே, கோயமுத்தூரிலிருந்து நான் செய்தி கடத்திக்கொண்டிருந்தேன். எங்கள் முதலாளி எதிர் நாற்காலியிலிருந்து போன் பில்லை நினைத்து என்னைப் பார்த்தார். பில் அவர்களுடையது என்று சைகை காட்டினேன்.

கடைசியில் தம்பி போனை வாங்கி, மிகவும் பணிவாகச் சொன்னார். "உங்க மேல ஒண்ணும் குத்தமில்லீங்க மேடம். நெம்ப நல்லாப் பண்ணியிருக்கீங்க. எனக்கு ஈரோடேதான் சரிப்படும்போல. வெள்ளிக்கிழமை எடத்தப் போய் முடிச்சுப்போடலாம்னு இருக்கேனுங்க."

வியாழக்கிழமை காலை முதல் பஸ்ஸில் போய் இறங்கினேன். இந்த முறை யாரிடமும் என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. இரண்டு அறைகளிலிருந்தும் எடை மேடையின் கதவைக் கழற்றினேன். அறைகளுக்கு வெளியே ஒரு சின்ன நிரலை உட்கார வைத்தேன். ஒயர் அதன் கையில் மட்டும்தான். எந்த அறையிலிருந்து விசையை அழுத்துகிறார்களோ அந்த அறைக்கு எடையைக் கொடுக்கும், இன்னொரு அறைக்கு மூச்சு விடாது. திரையைத் திறந்து வைத்தால் மட்டும் ஒன்றும் நடக்காது.

"அது யாரு ஆளுங்க?" என்றார் அண்ணன்.

"யார் ஆளும் இல்லீங்க."

"அப்பப் பொதுவுங்களா?" என்றார் தம்பி சந்தேகமாக.

"பொதுவும் இல்லீங்க. வெளி ஆள்."

இருவர் முகமும் தெளிந்தது. சொந்தக்காரர்கள் வந்து பாகம் பிரித்துக்கொடுத்த வீட்டில் வெளி ஆள் என்றால் உடனே புரிகிறது. இதைத் தொடக்கத்திலேயே இந்தச் சொல்லில் சொல்லியிருந்தால் எனக்கு இந்த இரண்டாவது பஸ் பயணம் மிச்சமாகியிருக்கும்.

காலை முழுவதும் ஒழுங்காக ஓடியது. அண்ணன் லாரி, தம்பி லாரி, தம்பி லாரி, அண்ணன் லாரி. தம்பி ஒருமுறை தானாகச் சிரித்தார். நான் பையைக் கட்டலாமா என்று யோசித்தபோது கர்நாடகப் பக்கத்திலிருந்து ஒரு லாரி வந்தது. அனுப்பிய வியாபாரிக்கு இங்கே பாகம் பிரிந்தது தெரியாது. ஒரே லாரியில் இருவருக்கும் சேர்த்து ஏற்றியிருந்தார். மேலே இருந்த மூட்டைகள் அண்ணனுக்கு, கீழே இருந்தவை தம்பிக்கு.

முழு லாரியை எடை போட வேண்டும். பிறகு அண்ணன் மூட்டைகளை இறக்கிவிட்டு மறுபடி எடை போட வேண்டும். பிறகு தம்பி மூட்டைகளையும் இறக்கிவிட்டுக் காலி லாரியை எடை போட வேண்டும். இதில் நடுவில் வரும் எடை இருக்கிறதே, அதுதான் அண்ணன் கணக்குக்கு முடிவு, தம்பி கணக்குக்கு ஆரம்பம். அந்த ஒரு எண் இரண்டு அறைக்கும் போயாக வேண்டும். என் வெளி ஆளுக்கு அப்படிக் கொடுக்கத் தெரியாது. நான்தான் கற்றுக்கொடுக்கவில்லை.

"ஒருத்தர் அழுத்தின பொறகு இன்னொருத்தர் அழுத்துங்க. லாரி அப்படியே நிக்கட்டும்" என்றேன்.

அண்ணன் மூட்டைகள் இறங்கின. அண்ணன் அழுத்தினார். 8260. எழுதிக்கொண்டு தம்பி பக்கம் கையைக் காட்டினார். தம்பி அங்கிருந்து, அண்ணன் இன்னும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளட்டும் என்று என்னிடம் சொன்னார். அண்ணன், பார்த்தாகிவிட்டது என்று என்னிடம் சொன்னார். தம்பி, அவசரமில்லை என்றார். அண்ணனும் தமக்கு அவசரமில்லை என்றார். இதெல்லாம் முடிந்து தம்பி அழுத்தியபோது 8190 என்று வந்தது.

தம்பி திரையைப் பார்த்தார். திரும்ப அழுத்தினார். அதே 8190. அண்ணன் அழுத்தியபோது ஜன்னல் வழியே எல்லோரும் பார்த்த எண்ணைவிட எழுபது கிலோ குறைவு. அண்ணன் கணக்கும் முடிந்துவிட்டது, தம்பி கணக்கு இன்னும் தொடங்கவே இல்லை, நடுவில் எழுபது கிலோ பருத்தியைக் காணோம்.

நான் நிரலில் எங்கே தப்பு என்று மனதுக்குள் தேட ஆரம்பித்தேன். ஒயர், வேகம், எண்ணை வாங்கும் இடம், அறைக்கு அனுப்பும் இடம். எதுவும் எழுபது கிலோ அளவுக்குத் தப்பாக இல்லை.

தம்பி எழுந்து நின்றார். "பரவாயில்லீங்க மேடம். எழுவது கிலோதானுங்க. அண்ணனுக்கே இருக்கட்டும்." அவ்வளவு மெதுவாக, அவ்வளவு மரியாதையாகச் சொன்னார். சட்டைப் பையில் பேனாவை மூடிச் செருகினார். நாளை வெள்ளிக்கிழமை என்று ஹாலில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

அண்ணன் முகம் கறுத்துப்போய்க் கதவைத் திறந்துகொண்டு முற்றத்துக்குப் போய்விட்டார். நானும் பின்னால் போனேன். எதற்கு என்று தெரியாது, மேடையைப் பார்த்தாலாவது ஏதாவது தெரியட்டும் என்று.

சிவப்பு எழுத்துக்கள் 8190 என்றே காட்டிக்கொண்டிருந்தன. கேட் பக்கத்திலிருந்து டிரைவர் வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டு வந்தார். எதிர்க்கடையில் டீ குடித்திருக்கிறார். வந்தவர் மேடையில் ஏறி, கதவைத் திறந்து, ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். எழுத்துக்கள் ஒருமுறை துள்ளின. 8260.

அண்ணன் அதைப் பார்த்தார். டிரைவரைப் பார்த்தார். பிறகு நான் அதுவரை அவரிடம் கேட்டிராத ஒரு குரலில் கத்தினார்.

"டேய் தம்பீ! ஓடியா இங்க! நீ எனக்கு விட்டுக்குடுத்தது பருத்தி இல்லடா, டிரைவரு!"

தம்பி ஓடி வந்தார். செருப்புகூடப் போடவில்லை. "என்னண்ணா?"

"ஏனப்பா, நீ சித்தெ மேடைய விட்டு எறங்கு" என்றார் அண்ணன் டிரைவரிடம். இறங்கினார். 8190. "ஏறு." 8260. "எறங்கு."

"என்ன கெரகமுங்க இது, என்னைய எத்தனவாட்டி எடை போடுவீங்க" என்றார் டிரைவர். ஆனாலும் ஏறி இறங்கினார்.

தம்பி மேடையின் ஓரத்தில் உட்கார்ந்து சிரித்தார். "நீ அவசரமில்ல, அவசரமில்லன்னு சொன்ன நேரத்துல அவன் போய் டீ குடிச்சுட்டு வந்துட்டான்."

"நான் எங்கடா சொன்னேன்? நீதான் சொன்ன!"

"ரெண்டு பேருந்தானுங்க சொன்னீங்க" என்றேன். அவர்கள் கேட்கவில்லை. என் வழியாகப் பேசுவதை அந்த நிமிடத்தோடு நிறுத்தியிருந்தார்கள்.

"எட்டாயிரத்து இருநூத்தி அறுவது. எழுதிக்க" என்றார் அண்ணன். தம்பி திரும்ப எடை போடவில்லை. உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.

நான் கண்ணாடி அறைக்குப் போய் வேலையைத் தொடங்கினேன். நடு எடை வரும்போது வெளி ஆள் இரண்டு அறைக்கும் ஒரே நொடியில் ஒரே எண்ணைக் கொடுக்க வேண்டும். அதிகம் எழுத வேண்டியதில்லை. எழுதி முடித்து இருவரையும் கூப்பிட்டுக் காட்டினேன். இனி டிரைவர் டீ குடிக்கப் போனாலும் தப்பு வராது என்றேன்.

இருவரும் குனிந்து திரையைப் பார்த்தார்கள்.

"நெம்ப நல்லா இருக்குதுங்க அம்மணி" என்றார் அண்ணன். "ஆனா இது வேண்டாமுங்க."

"ஏனுங்க?"

"நடு எடைய நான் கூப்புட்டுச் சொல்லிக்கிறேன். தம்பி அவன் திரையில கையில அடிச்சுக்கட்டும். அதுக்கு ஒரு எடம் மட்டும் விட்டுக் குடுங்க."

எனக்கு அது பிடிக்கவில்லை. ஒயர் வழியாக வரும் எடையை மட்டும் ஏற்கும் மென்பொருள் அது. கையால் அடிக்கும் எண்ணுக்கு எந்த ஆதாரமும் இல்லை. யார் வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் அடிக்கலாம். அதைத் தடுக்கத்தானே அறை, கதவு, அனுமதி, வெளி ஆள் எல்லாம். இதை வரிசையாக எடுத்துச் சொன்னேன். தம்பி தலையாட்டிக்கொண்டே கேட்டார். கேட்டுவிட்டு, "அந்த எடம் கொஞ்சம் பெருசா இருக்கட்டுங்க மேடம், எனக்குக் கண்ணாடி போட்டாத்தான் தெரியும்" என்றார்.

"சரிங்க. நாளைக்கு அண்ணன் தப்பாச் சொல்லிட்டா?"

"சண்டை போட்டுக்கறமுங்க" என்றார் தம்பி. "அதுக்கு ஈரோட்டுல இருந்து எப்படீங்க வர்றது?"